பேர்கஸ் ஆற்றங்கரையும் நாமே கட்டிய தூண்டில் தடியும்

ரொறன்ரோவிலிருந்து மேற்கே ஏறக்குறைய 100 கிலோமீற்றர் சென்றால் பேர்கஸ் என்னும் சிற்றூர் வரும். சுண்ணாம்புக் கல்லாற் கட்டிய பழைய கட்டடங்களின் நடுவே கிராண்ட் ஆறு ஓடுகிறது. ஊருக்கு மேலே 1942இல் கட்டி முடிக்கப்பட்ட ஷாண்ட் அணைக்கட்டு இருக்கிறது. அணையின் அடிப்பகுதியிலிருந்து குளிர்ந்த நீர் விடப்படுவதால், கோடையிலும் ஆறு அதிகம் சூடேறுவதில்லை. குளிர்நீர் விரும்பும் பழுப்பு றவுட் மீன்கள் இங்கே வாழ்வது அதனாற்றான். 1989 முதல் அவற்றின் குஞ்சுகளை ஆற்றில் விட்டு வருகிறார்கள்.

ஊரில் நாம் கைத்தூண்டில் எறிந்தபோது ஈயக்குண்டின் பாரமே நூலை இழுத்துச் சென்றது. இங்கே பொய் ஈக்குப் பாரமே இல்லை. இறகும் நூலும் சுற்றிய சிறு கொளுக்கி அது. பாரம் தடித்த நூலில் இருக்கிறது. அந்த நூலைச் சாட்டைபோல் வீசத் தடி நன்றாக வளைந்து நிமிர வேண்டும்.

கடையில் நல்ல தடியின் விலையைப் பார்த்தால் வீட்டு வாடகை நினைவுக்கு வரும். ஆகவே மூன்று குடும்பங்கள் சேர்ந்து, பனி கொட்டிய மாதங்களில் நிலவறையில் இருந்து நாமே கட்டினோம். புதியவர்களுக்கு 9 அடி நீளமான, 5ஆம் இலக்க நூலுக்குரிய, நான்கு துண்டுக் கிராபைற் தண்டு பொருத்தம். தண்டு, தக்கைக் கைபிடி, சுருள் பூட்டும் பகுதி, வளையங்கள் எல்லாம் தனித்தனியே விற்பனைக்கு உண்டு.

தண்டுக்கு ஒரு 'முதுகு' இருக்கும். ஒவ்வொரு துண்டையும் மேசையில் சாய்த்து, நடுவில் அழுத்தி உருட்டினால் ஓரிடத்தில் துள்ளி நிற்கும். அங்கே அடையாளமிட்டு, எல்லா வளையங்களையும் ஒரே நேர்கோட்டில் வைக்க வேண்டும். தக்கையின் துளையை வட்ட அரத்தால் கொஞ்சங் கொஞ்சமாகப் பெருப்பித்து, தண்டில் இறுக்கமாக ஏறும்போது நிறுத்திவிடுங்கள். அவசரப்பட்டால் கைபிடி ஆடும்.

வளையங்களின் காலைத் தேய்த்து மெலிதாக்கினாற்றான் நூல் வழுக்காமல் அதன்மேல் ஏறும். நூலைத் தடித்த புத்தகமொன்றின் பக்கங்களுக்கிடையே செலுத்தினால் வேண்டிய இறுக்கம் கிடைக்கும். கடைசிச் சில சுற்றுக்களுக்கு அடியில் ஒரு நூற்கண்ணியை வைத்து, நுனியை அதற்குள் கோத்து இழுத்துவிட்டால் முடிச்சே தேவையில்லை. தையல் பழகிய எமது பெண்கள் இதில் ஆண்களை வென்றுவிட்டார்கள்.

இறுதியில் இரண்டு திரவங்களைச் சம அளவில் கலந்து நூலின்மேல் பூச வேண்டும். இறுகும்வரை சில மணி நேரம் தடியை மெல்லச் சுழற்றாவிட்டால் பூச்சு ஒரு பக்கம் வழிந்து தொங்கும். பிள்ளைகள் முறைவைத்துச் சுழற்றினார்கள். தமிழில் பேச அலுத்துக்கொள்ளும் பிள்ளைகளும், அன்று தாத்தாவிடம் கடற்கரைக் கதைகள் கேட்டபடி இருந்தார்கள்.

ஆற்றுக்குப் போகுமுன் ஒன்ராறியோ மீன்பிடி அனுமதிப்பத்திரம் எடுங்கள். 18 முதல் 64 வயதுவரையுள்ளோருக்கு இது கட்டாயம். பருவகாலமும் விதிகளும் இடத்துக்கிடம் மாறும். கிராண்ட் ஆற்றின் சில பகுதிகளில் முள்ளில்லாத ஒற்றைக் கொளுக்கிதான் அனுமதி. பிடித்த றவுட்டைத் திரும்ப விட்டுவிடவும் வேண்டும். "குழம்புக்கில்லாத மீனுக்கு இவ்வளவு பாடா?" என்று எமது பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் சட்டத்தோடு விளையாட வேண்டாம். அணையில் நீர் கூடுதலாக விட்டால் ஆறு உயரும். சிறுவரைத் தனியே இறங்க விடாதீர்கள்.

மே மாதத்தில் எமது தடியில் முதல் மீன் அகப்பட்டது. நீரை விட்டு வெளியே எடுக்காமலே கொளுக்கியைக் கழற்றினோம். பெரியவரும் குனிந்து பார்த்தார்.