மாங்குயில் யாருக்கு உறவு?

சிவகாசியின் வறண்ட வெளியில் பிறந்து வளர்ந்தவன் நான். வேம்பின் நிழலும் கருவேலத்தின் நிழலுமே கண்ட எங்களுக்கு, திருவில்லிபுத்தூருக்கு மேற்கே எழும் மலைத்தொடர் பசுமையின் தாயகம். சில ஆண்டுகளுக்கு முன், ஜூன் மாதச் சனிக்கிழமை ஒன்றில், பதினொன்றாம் வகுப்பு மாணவர்களை அம்மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பிற்கு அழைத்துச் சென்றேன். சாம்பல்நிற அணிலைக் காப்பதற்காக 1988ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட சரணாலயம் அங்குள்ளது.

மரக்கிளைகளுக்கிடையே புல்லாங்குழல் போன்றதொரு குரல் எழுந்தது. கரிய தலை, சிவந்த அலகு, மஞ்சள் உடல். “இது கருந்தலை மாங்குயில், குயிலில் ஒரு வகை” என்றேன். மாணவி ஒருத்தி தயங்கியவாறு கேட்டாள்: “ஐயா, குயில் கூடு கட்டாது என்று நீங்கள்தாமே சொன்னீர்கள்? இது நார் கொண்டுபோகிறதே!” அவள் காட்டிய கவைக்கிளையில், தூளிபோல் ஒரு கூடு பாதி உருவாகியிருந்தது. என்னிடம் விடையில்லை.

அன்றிரவு நூல்களைப் புரட்டினேன். குயிலின் கால்விரல்களில் இரண்டு முன்னும் இரண்டு பின்னும் அமைந்துள்ளன. மாங்குயிலுக்கோ மூன்று முன்னும் ஒன்று பின்னும். நம் தோட்டங்களுக்கு வரும், கண்ணோரம் கருங்கோடுடைய மஞ்சள் மாங்குயில் அதன் நெருங்கிய உறவு. அதனையும் நெடுங்காலம் ஐரோப்பிய மாங்குயிலின் துணையினமாகவே கருதினர். இன்று அது தனியினம். மரபணு ஆய்வோ பெரிய வியப்பைத் தந்தது: மாங்குயிலும் கரிச்சானும் காக்கையும் ஒரே பெருங்குழுவைச் சேர்ந்தவை! எந்தக் காக்கையின் கூட்டில் குயில் முட்டையிடுகிறதோ, அந்தக் காக்கையே மாங்குயிலுக்கு உறவு.

பிழைத்தவன் நான் மட்டுமல்லன். உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸ் 1758இல் இப்பறவையைப் பனங்காடையின் பேரினத்தில் வைத்தார். பின்னர் அவரே மாங்குயிலுக்கெனத் தனிப் பேரினம் வகுத்தார்.

திங்களன்று கரும்பலகையில் என் கூற்றை எழுதி, அடித்துத் திருத்தினேன். வகுப்பு சிரித்தது. அம்மாணவி மட்டும் மீண்டும் எழுந்தாள்: “எங்கள் வேலியில் செம்போத்து கூடு கட்டியிருக்கிறது, ஐயா. அப்படியானால் அதுவும் குயில் இல்லைதானே?”

“செம்போத்து குயில் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், கூடு கட்டும், குஞ்சும் வளர்க்கும்” என்றேன். “பெயர் மட்டும் சான்றாகாது என்று நீ எனக்குக் கற்பித்தாய். கூடு மட்டும் சான்றாகாது என்று செம்போத்து நம் இருவருக்கும் கற்பிக்கிறது. நாளை அதன் கால்விரல்களைப் பார்த்து வந்து சொல்.”