வழியனுப்ப வந்த வேன்

சென்னையிலிருந்து ஃபிராங்ஃபர்ட் ஏறக்குறைய 7,500 கிலோமீட்டர். விமானம் பத்து மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கியது. திண்டுக்கல்லிலிருந்து மீனம்பாக்கம் 420 கிலோமீட்டர்தான். எங்கள் வேன் அதற்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. முதல் விமானப் பயணத்தை நினைக்க உட்கார்ந்தால், எனக்கு அந்த வேன்தான் முன்னால் வந்து நிற்கிறது.

1999 மே மாதம். எனக்கு ஒன்பது வயது. ஜெர்மனியில் வேலையில் இருந்த அப்பாவிடம் அம்மாவும் நானும் போகிறோம். போவது இரண்டு பேர், வழியனுப்ப வந்தது பதினான்கு பேர். நாகல் நகரில் வண்டி கிளம்பும்போது அம்மாச்சி கோட்டை மாரியம்மன் திருநீற்றைப் பூசிவிட்டாள். பூட்டுப் பட்டறையில் ஆயுசெல்லாம் உழைத்த தாத்தா, இரண்டு பெட்டிகளிலும் கையால் செய்த பூட்டை மாட்டி, இழுத்து இழுத்துப் பார்த்தார். சாவி அம்மாவின் தாலிக்கொடியில் ஊக்கோடு தொங்கியது.

வடமதுரை, அய்யலூர், வையம்பட்டி. மணப்பாறையில் முறுக்கு வாங்க ஒரு நிறுத்தம். சமயபுரத்தில் கும்பிடாமல் போகக் கூடாது என்று இன்னொன்று. பெரம்பலூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் புளியோதரைப் பொட்டலங்களைப் பிரித்தோம். சித்தி யாரும் பார்க்காதபோது அழுதாள். மாமா மட்டும், விமானம் கிளம்பும்போது காது அடைக்கும், எச்சிலை முழுங்கு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தார். அவரும் விமானம் ஏறியவரில்லை.

"அங்க போயி அம்மாவப் படுத்தக் கூடாது, என்ன சாமி?" விமான நிலைய வாசலில் அம்மாச்சி சொன்னது அவ்வளவுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதினான்கு முகங்களும் ஒட்டிக்கொண்டு நின்றன. நான் கையை ஆட்டிவிட்டு, விமானத்தைப் பார்க்கும் அவசரத்தில் ஓடிவிட்டேன். திரும்பி இன்னொரு தரம் பார்த்திருக்கலாம்.

ஜன்னலோர இருக்கை கிடைத்தது. நம் மலைக்கோட்டை தெரியுமா என்று அம்மாவைக் கேட்டேன். "தெரியும், முழிச்சிருந்து பாரு" என்றாள். வடமேற்கே போகிற அந்த வழி எங்கள் ஊர்ப் பக்கமே வராது என்பது பின்னாளில்தான் தெரிந்தது. விழித்திருந்தேன். ஊரில் பூ மார்க்கெட்டில் மொட்டாக வாங்கி, ஈரத்துணியில் சுற்றி எடுத்துவந்த மல்லிகை அம்மாவின் தலையில் முழுசாக விரிந்து, குளிரூட்டிய அந்தக் காற்றில் எங்கள் வீட்டுத் திண்ணை வாசம் அடித்தது. திரையில் ஒரு குட்டி விமானம் வரைபடத்தின் மேல் நகர்ந்தது. வெளியே மைனஸ் ஐம்பது டிகிரி என்று போட்டிருந்தது. திண்டுக்கல் மே மாத வெயிலை முதுகில் சுமந்து வந்த எனக்கு அந்த எண் புரியவே இல்லை.

மூடி ஒட்டிய சின்னக் கிண்ணங்களில் தண்ணீர் கொடுத்தார்கள். நான் குடிக்காமல் பைக்குள் சேர்த்தேன். எங்கள் தெருவில் தண்ணீர் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாத காலம் அது. குடம் எண்ணிப் பிடித்து, குடம் எண்ணிச் செலவழிப்பாள் அம்மாச்சி. அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க நான்கு கிண்ணம் சேர்ந்திருந்தது. அம்மாவின் கைக்கடிகாரத்தில் ஐந்தரை. ஊரில் வாசல் தெளித்துக்கொண்டிருப்பார்கள். மேற்கே பறந்த எங்களுக்கு ஜன்னலில் இன்னும் இருட்டு.

இப்போதெல்லாம் மதுரையிலிருந்தே துபாய் வழியாகப் போய்விடுகிறேன். வீட்டிலிருந்து வாடகைக் காரில் ஒன்றரை மணி நேரம். முறுக்குக்கும் நிற்பதில்லை, சாமி கும்பிடவும் நிற்பதில்லை. வாசலில் இறக்கிவிட்டு ஓட்டுநர் அடுத்த சவாரிக்குப் போய்விடுவார். அம்மாச்சியும் தாத்தாவும் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. உள்ளே நுழையும் முன் கண்ணாடியை ஒருமுறை திரும்பிப் பார்க்கும் பழக்கம் மட்டும் விடவில்லை.

ஜெர்மனி போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரம் மாமாவின் கடிதம் வந்தது. எங்களை உள்ளே அனுப்பிவிட்டு வேன் தாம்பரம் தாண்டும்போது தலைக்கு மேலே ஒரு விமானம் விளக்கு மினுக்கிக்கொண்டு போனதாம். அம்மாச்சி வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். பதினான்கு பேரும் ரோட்டோரம் இறங்கி, அது கண்ணுக்கு மறைகிறவரை கையை ஆட்டிக்கொண்டு நின்றார்களாம். அது எங்கள் விமானம்தானா என்று யாருக்கும் தெரியாது என்றும் மாமா எழுதியிருந்தார்.