படகுக்கு ஒரு மின்னேற்றி

பழவேற்காடு என்றதும் வெளியூர் நண்பர்கள் பூநாரையை நினைக்கிறார்கள். வரலாற்று மாணவர்கள் 1613ஆம் ஆண்டில் டச்சுக்காரர் எழுப்பிய கெல்டிரியாக் கோட்டையை நினைக்கிறார்கள். சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி என்று புவியியல் நூல் கூறுகிறது. அந்த ஏரியை நம்பி வாழும் எங்களுக்கோ நினைவில் எழுவது வேறு. காற்று எந்தப் பக்கம்? நீரோட்டம் ஏறுகிறதா, இறங்குகிறதா? இன்று யாருக்குப் பாடு? இந்தக் கேள்விகளோடு இப்போது மற்றொன்றும் சேர்ந்துவிட்டது: "பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா?"

பாடு என்பதை அறியாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் சிலவே. எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் சண்டைதான் மிஞ்சும். ஆகவே இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பிரித்துக் கொள்கிறார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். தவறவிட்ட பேருந்து அரைமணியில் மறுபடி வரும். தவறவிட்ட பாடு அப்படி வராது.

என் தாய்மாமனிடம் ஒரு சிறு பாய்ப் படகு உண்டு. ஏரியில் பல இடங்களில் ஆழம் ஒரு மீட்டர் அளவே இருக்கும். காற்று இருந்தால் பாய்; இல்லையென்றால் மூங்கில் கழி. இயந்திரம் கிடையாது. ஆயினும் இரவில் வலை பார்க்க விளக்கு வேண்டும். எதிரே வரும் படகுக்கு நாம் இருப்பது தெரியவும் விளக்கு வேண்டும். அதற்காகவே ஒரு 12 வோல்ட் பேட்டரியைப் படகில் வைத்திருந்தார்.

சென்ற ஐப்பசியில் மாமாவின் பாடு நாளன்று, நள்ளிரவுக்கு முன்பே விளக்கு மங்கி அணைந்துவிட்டது. மோட்டார் பொருத்திய படகு ஒன்று இருளில் நேராக வந்தது. கழியால் படகின் பக்கத்தை ஓங்கி ஓங்கித் தட்டிக் கூவினாராம். ஒரு கை தூரத்தில் அது விலகிப் போயிற்று. பாதி வலையோடு கரை திரும்பினார். மறுநாள் வீட்டில் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அத்தை சிரிக்கவில்லை.

"இன்னும் பெரிய பேட்டரியா ஒண்ணு வாங்கிட்டா தீந்துபோச்சு மாப்ளே" என்றார் மாமா. பழைய பேட்டரி வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை. இயற்பியல் படிப்பவன் என்ற முறையில் எனக்கு அது உறுத்தியது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் மின்பணியாளராக இருக்கும் பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவரை அழைத்து வந்தேன். ஆலையில் சரக்கைத் தூக்கி அடுக்கும் வண்டிகளின் பேட்டரிகளை அன்றாடம் கவனிப்பவர் அவர். மூடிகளைத் திறந்து பார்த்தார். தகடுகளின் தலை தெரியும் அளவுக்கு நீர் வற்றிக் கிடந்தது.

"இது பட்டினியில சாகல. ஊட்டி ஊட்டியே சாக அடிச்சிருக்கு" என்றார். பிறகு மாமாவின் சார்ஜரைக் காட்டச் சொன்னார். மின்னேற்றி என்று நாம் ஏட்டில் எழுதலாம். கடையில் சார்ஜர் என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அது பழைய மின்மாற்றி வகையைச் சேர்ந்தது. தானே நிற்கத் தெரியாது. ஊரில் மற்றவர் விளக்கணைத்து உறங்கிய பின் மின்கம்பியில் அழுத்தம் உயரும். அதோடு அதன் அழுத்தமும் உயரும். மாமா இரவில் மாட்டிவிட்டுக் காலையில் எடுப்பது வழக்கம்.

ஈய அமிலப் பேட்டரியை 1859ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் பிரான்சு நாட்டின் காஸ்தோன் பிளாந்தே. அதன் ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2 வோல்ட். ஆறு அறை சேர்ந்தால் 12. நிறைந்த பேட்டரியைச் சற்று ஓய்வு கொடுத்து அளந்தால் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும், 12.2 என்றால் ஏறத்தாழ பாதிதான் இருக்கிறது. ஏற்றும்போது 14.4 வோல்ட் வரை போகலாம். நிறைந்த பின்னும் அதே அழுத்தத்தில் மணிக்கணக்காக வைத்தால், மின்சாரம் நீரைப் பிரித்து ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் வெளியேற்றும், தகடும் அரிக்கும். அதற்கு நேர்மாறாக, அரைகுறையாக ஏற்றிப் போட்டு வைத்தால் தகட்டில் ஈய சல்பேட் இறுகிவிடும். மிகுந்தாலும் கேடு, குறைந்தாலும் கேடு. மருந்துக்குச் சொன்ன விதி மின்சாரத்துக்கும் பொருந்துகிறது.

அன்றிரவு நானும் மாமாவும் கணக்குப் போட்டோம். விளக்குகளுக்கு 15 வாட், கைப்பேசிக்கும் வானொலிக்கும் 5 வாட். ஆக 20 வாட். பத்து மணி நேரத்துக்கு 200 வாட்-மணி. அதை 12ஆல் வகுத்தால் ஏறக்குறைய 17 ஆம்பியர்-மணி. பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்காதிருந்தால் அது நெடுநாள் உழைக்கும். ஆகவே 40 ஆம்பியர்-மணிப் பேட்டரியே போதும். பெரிய பேட்டரி என்ற பேச்சு அத்தோடு முடிந்தது.

அடுத்தது சார்ஜர். பேட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் என்பது தொழிலில் உள்ளோர் கணக்கு. எனவே 4 ஆம்பியர். இழப்பையும் சேர்த்து 20 ஆம்பியர்-மணி திருப்பி வைக்க ஐந்து மணி நேரம். இறுதிக் கட்டம் மெல்ல ஏறுவதால் மேலும் இரண்டு மூன்று மணி. காலை ஏழு மணிக்குக் கரையேறி மாட்டினால் மாலை நான்குக்குள் தயாராகிவிடும்.

ஒரு ஞாயிறு விட்டு வந்த திங்களன்று, பொன்னேரியில் மின்சார ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனோம். கடைக்காரர் முதலில் 15 ஆம்பியர் சார்ஜரை எடுத்து வைத்தார். "இது சீக்கிரம் ஏத்தும்" என்றார். மாமாவின் முகம் மலர்ந்தது. 40 ஆம்பியர்-மணிப் பேட்டரிக்கு அது குழந்தையின் வாயில் குத்துக் குத்தாகச் சோறு திணிப்பதற்குச் சமம் என்றேன். பழைய மாதிரியில் ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது. அதைத்தான் ஏற்கெனவே பார்த்துவிட்டோமே!

நாங்கள் கேட்டவை நான்கு. பேட்டரியின் வகைக்கு ஏற்றதா? ஈய அமிலத்துக்கு உரியதும் லித்தியத்துக்கு உரியதும் வேறு வேறு. நிறைந்ததும் தானே 13.5 வோல்ட் அளவுக்கு இறங்கி நிற்குமா? கம்பியை மாற்றி மாட்டினாலும் எரியாமல் தப்புமா? உப்புக் காற்றைத் தாங்குமா? நான்காவது கேள்விதான் எங்கள் ஊருக்கு மிக முக்கியமானது. விசிறி வைத்த சார்ஜர் உப்புக் காற்றை உள்ளே இழுத்துத் தன்னையே அரித்துக் கொள்ளும். ஆகவே விசிறியின்றி முழுவதும் மூடிய பெட்டியாகத் தேர்ந்தோம்.

மாமா கடைசியாகக் கேட்ட கேள்வி கடைக்காரரைத் திகைக்க வைத்தது: "வேலை முடிஞ்சிட்டா அது சொல்லுமாப்பா?" பச்சை விளக்கு எரியும் என்றார் அவர். "அப்ப சரி" என்று மாமா பணத்தை எண்ணி வைத்தார். அது இரண்டு பாடுகளில் மிச்சம் பிடித்த பணம்.

வீட்டில் இடமும் மாறியது. முன்பு அடுப்பங்கரை ஓரத்தில் ஏற்றினார்கள். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பொறிக்கு வெடிக்கும் என்று சொன்னதும் அத்தையே பேட்டரியைத் திண்ணைக்குத் தள்ளிவிட்டார். முதலில் பேட்டரியில் கவ்விகள், பிறகு சுவிட்சு. கழற்றும்போது முதலில் சுவிட்சு. வாலை வடிநீர் தவிர வேறு நீர் ஊற்றுவதில்லை. 230 வோல்ட் கம்பியைப் படகுப் பக்கம் கொண்டு போவதே இல்லை; பேட்டரியைத்தான் கரைக்குத் தூக்கி வருகிறோம்.

இதில் எங்கள் வீட்டு நன்மை மட்டும் இல்லை. செத்த பேட்டரி சாவதோடு மறைந்துவிடுவதில்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலேயே பழைய பேட்டரியிலிருந்து ஈயத்தை உருக்கி எடுக்கும் ஆலைகள் உண்டு. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. பழைய பேட்டரிகளை முறையாகத் திரும்பப் பெற வேண்டும் என்று 2001ஆம் ஆண்டிலேயே விதி வந்தது. 2022ஆம் ஆண்டில் புதிய விதிகள் வந்தன. விதி தன் வேலையைச் செய்யட்டும். எட்டு மாதத்தில் சாக வேண்டிய பேட்டரியை மூன்று ஆண்டு வாழ வைத்தால், உருக்க வேண்டிய ஈயம் அந்த அளவுக்குக் குறைகிறது அல்லவா?

இப்போது மாமா திண்ணைச் சுவரில் நாள்தோறும் வோல்ட் அளவைக் கரியால் எழுதி வைக்கிறார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். அந்தச் சுவரைப் பார்த்துத் தெருவில் இன்னும் மூன்று வீட்டார் தங்கள் சார்ஜரை மாற்றிவிட்டார்கள். நம் ஆய்வுக்கூடத்தில் வோல்ட்மீட்டரை வைத்துக்கொண்டு 'இதனால் என்ன பயன்?' என்று கேட்கும் நண்பர்கள் ஒருமுறை எங்கள் ஊருக்கு வரவேண்டும். அந்தக் கருவியின் முள் காட்டும் அரை வோல்ட் வேறுபாட்டில், இருளில் ஒரு மனிதன் தெரிவதும் தெரியாமல் போவதும் அடங்கியிருக்கிறது.