வாய்ப்பூட்டுக்கு அடங்காத பிரசங்க மேடை

தென் ஜெர்மனியில் இசார் நதிக்கரையில் அமைந்துள்ளது மியூனிக் மாநகர். கத்தோலிக்க விசுவாசம் ஆழ வேரூன்றிய பவேரியாவின் தலைநகர் இது. நாஜிக் கட்சி பிறந்ததும் இங்கேதான். மக்களின் கண்ணையும் காதையும் அவ்வாட்சி கைப்பற்றிய விதத்தை அறிய, நாங்கள் இந்நகரின் சில தெருக்களில் நடந்தோம்.

முதலில் கண்டது, உயர்ந்த தூண்கள் அணிவகுத்து நிற்கும் கலைக்கூடம். 1937 ஜூலை 18 அன்று ஹிட்லரே இதனைத் திறந்து வைத்தான். அரசு ஒப்பிய ஓவியங்களுக்கும் சிலைகளுக்குமே அன்று இங்கு இடம். போர்க்காலத்திலும், 1944 வரை, ஆண்டுதோறும் கண்காட்சி நடந்தது. அன்று வெறுக்கப்பட்ட நவீன கலைக்கே இன்று அக்கூடம் இடமளிக்கிறது.

அங்கிருந்து சிறிது தொலைவில் அரண்மனைப் பூங்கா. அதன் ஓரத்துக் கட்டடத்தில் மறுநாளே 'சீரழிந்த கலை' என்னும் கண்காட்சியைத் திறந்தனர். அருங்காட்சியகங்களிலிருந்து பறித்த அறுநூறுக்கும் மேற்பட்ட படைப்புகளை நெருக்கித் தொங்கவிட்டு, சுவர்களில் கேலி வாசகங்கள் எழுதினர். மாடிப்படி ஏறுவோரை எதிர்கொண்டது ஒரு பாடுபட்ட சுரூபம்! லூபெக் பேராலயத்தில் இருந்த, லுட்விக் கீஸ் என்னும் சிற்பி செதுக்கிய சுரூபம் அது. வலிய உடலையே போற்றிய ஆட்சிக்கு, வேதனையால் முறுகிய ஆண்டவரின் திருமேனி ஏளனப் பொருளாயிற்று.

காதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. மலிவு விலை வானொலிப் பெட்டிகள் வீடுகளில் புகுந்தன. 1939-ல் போர் மூண்டதும் அயல்நாட்டு ஒலிபரப்பைக் கேட்பது குற்றமாயிற்று. 1941-ல் காகிதத் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, திருச்சபைப் பத்திரிகைகளுள் பெரும்பாலானவற்றை நிறுத்தினர்.

எஞ்சியது பிரசங்க மேடை. நகரின் கடைத்தெருவிலுள்ள பியூர்கர்சால் ஆலயத்தின் கீழ்த்தளத்தில் அருளாளர் ரூப்பர்ட் மாயரின் கல்லறை உள்ளது. சேசு சபைக் குருவான இவர், முதல் உலகப் போரில் வீரர்களுக்கு ஆன்ம பணியாற்றுகையில் இடக்காலை இழந்தவர். 1937-ல் அரசு இவருக்குப் பேச்சுத் தடை விதித்தது; இவரோ ஆலயத்தில் தொடர்ந்து பிரசங்கித்தார். சிறையும், பின்னர் சாக்சென்ஹௌசன் வதைமுகாமும் பரிசாகக் கிடைத்தன. முகாமில் இறந்தால் மக்கள் வேதசாட்சியாகப் போற்றுவர் என அஞ்சி, 1940-ல் இவரை எட்டால் மடத்தில் அடைத்தனர். போர் முடிந்து திரும்பிய இவர், 1945 நவம்பர் 1, சகல புனிதர் திருநாளன்று, அருகிலுள்ள புனித மிக்கேல் ஆலயத்தில் பிரசங்கிக்கும்போதே நோயுற்று, அன்றே இறைவனடி சேர்ந்தார். 1987-ல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் இந்நகருக்கே வந்து இவரை அருளாளராக உயர்த்தினார்.

கடைக்கு வந்தோரும் வேலைக்குச் செல்வோரும் அக்கல்லறை முன் சற்றே நின்று செபிக்கின்றனர். நாங்களும் செபித்தோம். வானொலியும் அச்சகமும் கலைக்கூடமும் தன் கையில் இருந்தும், ஊனமுற்ற ஒரு குருவின் சொல்லுக்கு அவ்வாட்சி நடுங்கியது. நம் இல்லங்களுக்குள் நாள்தோறும் எத்தனையோ குரல்கள் நுழைகின்றன. அவற்றுள் மெய் எது, பொய் எது எனப் பகுத்தறியப் பிள்ளைகளைப் பழக்குவது பெற்றோராகிய நம் கடமையன்றோ!