மினி டிராக்டரை டிரெய்லரில் ஏற்றும் தம்பிகளுக்கு



போன வாரம் நம் பத்தாம் வகுப்புக் குழுவில் ஒரு வீடியோ வந்தது. புதிதாக மினி டிராக்டர் வாங்கிய தம்பி ஒருவன், அதைப் பெரிய டிராக்டரின் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு சத்தியமங்கலம் பக்கம் வாழைத் தோட்டத்துக்கு வாடகை உழவுக்குப் போகிறான். கடன் வாங்கித் தொழில் தொடங்கியிருக்கிறான், பார்க்கச் சந்தோஷம். ஆனால் டிரெய்லர் மேல் நிற்கும் மினி டிராக்டரின் சீட்டில் அவன் மகன் உட்கார்ந்திருக்கிறான். எதற்கடா என்று கேட்டேன். "பிரேக்கை மிதிச்சுக்க ஒரு ஆள் வேணுமுங்க சார்" என்றான். நம் பக்கம் நிறையப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். அதனால்தான் அவனுக்குத் தனியாகச் சொன்னதோடு விடாமல் இங்கேயும் எழுதுகிறேன்.

பிரேக் சக்கரத்தை உருளாமல் பிடிக்கும், வழுக்காமல் பிடிக்காது. டயரில் சேறு, கீழே இரும்புத் தகடு. அங்கே உராய்வை எவ்வளவு நம்ப முடியும்? ரோட்டவேட்டரோடு வண்டி 900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும்போது குறுக்கே மாடு வந்து, 5 மீட்டருக்குள் நிறுத்துகிறாய். மேலே இருக்கும் வண்டியை நகராமல் பிடித்து வைக்க 600 கிலோ எடைக்கும் மேலான விசை வேண்டும். நிலைமம் என்று போர்டில் எழுதிப் போட்டேனே, அதுதான் இது. பையனின் கால் என்ன செய்யும்? டிரெய்லர் சாய்ந்தால் வண்டி அவன் மேலேதான் விழும். அவனை மட்கார்டிலும் உட்கார வைக்காதே. டவுன் பஸ்ஸில் வரட்டும்.

அந்த வேலையைச் சங்கிலி செய்யும். நாலு மூலைக்கும் தனித்தனியாக நாலு. கயிறு இழுபடும், தகட்டின் விளிம்பில் அறுபடும். சங்கிலியை அச்சிலோ சட்டத்திலோ மாட்டு. ஸ்டீயரிங் ராடில் மாட்டாதே. ரோட்டவேட்டரை டிரெய்லர் தளத்தில் இறக்கி வைத்து, அதற்கும் ஒரு கட்டு. ஹைட்ராலிக் தூக்கிப் பிடித்துக்கொள்ளும் என்று விடுவது சோம்பேறித்தனம். பார்க்கிங் பிரேக் போட்டு, இன்ஜினை நிறுத்தி, கியரில் விடு. ஐந்து கிலோமீட்டர் போனதும் நிறுத்திப் பார்த்தால் டயர் அமுங்கிச் சங்கிலி தளர்ந்திருக்கும். மறுபடி இறுக்கு.

எங்கே நிறுத்துவது? மாட்டு வண்டி ஓட்டிய உங்கள் தாத்தாக்களைக் கேளுங்கள், முன்பாரம் பின்பாரம் என்பார்கள். பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தை இறுக்கும். இரண்டு சக்கர டிரெய்லரும் அதே கதைதான். பாரம் அச்சுக்குப் பின்னால் போனால் கொக்கி மேலே தூக்கும், இழுக்கும் டிராக்டரின் பின்சக்கரத்துக்குப் பிடிப்பு குறையும், வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும். மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் இறங்கட்டும். அதற்காக அடியோடு முன்னால் தள்ளிவிடவும் வேண்டாம்.

ஏற்றும்போதும் இதே ஆபத்து உண்டு. வண்டி டிரெய்லரின் வாலில் கால் வைத்ததும் முன்பக்கம் எம்பும். வாலுக்கு அடியில் இரண்டு பக்கமும் முட்டுக்கட்டை கொடு. கொக்கிப் பின்னுக்குப் பூட்டு கிளிப் இருக்கிறதா பார். கம்பியை வளைத்துச் செருகுவது கிளிப் ஆகாது. தளத்தின் உயரத்துக்கு மண்மேடு கிடைத்தால் டிரெய்லரை அதோடு ஒட்டி நிறுத்தி ஏற்றுவதுதான் எனக்குப் பிடித்த வழி. பலகைதான் என்றால் நீளமான பலகை, சரிவு குறைவாக. பின்னால் ரோட்டவேட்டர் இருக்கும்போது முன்பக்கமாக ஏறினால் முன்சக்கரம் தூக்கி வண்டி மல்லாந்துவிடும். ரிவர்ஸில், தாழ்ந்த கியரில் ஏற்று.

"குட்டி யானையில் ஏத்திக்கலாமே சார்" என்று ஒருவன் கேட்டான். அது 750 கிலோ அளவுக்குச் சுமக்கும் வண்டி. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ரோட்டில் ஒன்று முக்கியம். உழவின்போது திரும்புவதற்காகத் தனித்தனியாக வைத்திருக்கும் இடது, வலது பிரேக் மிதிகளை, ரோட்டில் ஏறுமுன் கொண்டி போட்டு இணைத்துவிடு. ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் பின்னால் வரும் பாரம் டிராக்டரைத் திருப்பிப் போட்டுவிடும். நம் டிரெய்லர்களில் பெரும்பாலும் பிரேக்கே கிடையாது என்பதை மறக்காதே. இறக்கத்தில் நியூட்ரல் போட்டு டீசல் மிச்சம் பிடிக்க வேண்டாம். எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரிலேயே இறங்கு.

தாளவாடியில் வேலை கிடைத்திருக்கிறது என்றும் அந்தத் தம்பி சொன்னான். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கு டிரெய்லர் வேண்டாம், லாரி பிடி. வாடகையை உழவுக் கூலியில் சேர்த்துப் பேசு. தோட்டக்காரர் தரமாட்டேன் என்றால் கீழேயே வேலை இருக்கிறது. டிரெய்லர் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் இல்லாததையும் வீடியோவில் பார்த்தேன். நாளைக்கே வாங்கி ஒட்டிவிட்டு, குழுவில் படம் போடு.