ஒரு கிராமின் மதிப்பு

புனே நகரத்து மாணவர் விடுதி ஒன்றின் மூன்றாம் மாடி அறையில், கதவு நிலைக்கு மேலே ஓர் இரும்புக் கொக்கி இருந்தது. அந்த அறையில் தங்கியிருந்த மொழியியல் ஆய்வாளர், பயணப் பெட்டிகளை எடைபோடப் பயன்படும் சிறிய மின்னணுத் தராசு ஒன்றை அதில் மாட்டி, தராசின் கீழே தம் மலைமிதிவண்டியைத் தொங்கவிட்டார். முதல் நாள் தராசு காட்டிய எண் 15.3 கிலோ. அந்த எண்ணைக் களப்பணிக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, அடிக்கோடிட்டு வைத்தார். அடுத்த மூன்று ஆண்டுகள் அந்தப் பக்கத்தில் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டே வந்தன. அவை எங்கே நின்றன, ஏன் மீண்டும் ஏறின என்பதுதான் இங்கே சொல்ல வேண்டியது.

வண்டி, முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் கொண்ட அலுமினியச் சட்டகம். இரு முனையிலும் 120 மில்லிமீட்டர் அசைவு. 29 அங்குலச் சக்கரங்கள். ஒருவர் ஓட்டிச் சலித்து விற்றதை வாங்கியது. 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய் என உயர்ந்திருந்தது. இரண்டு மாதத் தொகையை அவர் அந்த வண்டிக்குக் கொடுத்தார். புதிய இலகுவான வண்டி வாங்க ஓராண்டுத் தொகையும் போதாது. ஆகவே கையில் இருப்பதையே பாகம் பாகமாக மாற்றி இலகுவாக்குவது என்று முடிவு செய்தார்.

இது புதிய வழியன்று. மலைமிதிவண்டி என்னும் இனமே இப்படிப் பிறந்ததுதான். 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டத்து இளைஞர்கள் சிலர், பல பத்தாண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட தடித்த டயர் ஷ்வின் வண்டிகளைத் தேடிப் பிடித்து, டமால்பைஸ் மலைச்சரிவில் ஓட்டத் தொடங்கினர். 1976 அக்டோபரில் அவர்கள் தொடங்கிய இறக்கப் பந்தயத்தின் பெயர் ‘ரீபேக்’. ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கர பிரேக்கிலுள்ள கிரீஸ் எரிந்து புகைந்துவிடும். மீண்டும் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனால் வந்த பெயர் அது. பிரேக் போதவில்லை என்று வலிய பிரேக்கை மாட்டினர். ஏற முடியவில்லை என்று கியர்களைச் சேர்த்தனர். எல்லாவற்றையும் மாற்றிய பிறகு எஞ்சிய பழைய சட்டகமும் போதாமல் போனபோது, 1977இல் ஜோ ப்ரீஸ் அதற்கென்றே ஒரு சட்டகம் செய்தார். ஒரு குறையைத் தீர்த்தால் அடுத்த குறை கண்ணுக்குத் தெரியும். உதிரிபாகம் மாற்றுவோர் அனைவருக்கும் இது அனுபவம்.

புனே ஆய்வாளருக்கும் அப்படியே நேர்ந்தது. முதலில் ட்யூபுகளைக் கழற்றினார். 29 அங்குல ட்யூப் ஒன்று ஏறத்தாழ 200 கிராம். ரிம்மின் உட்புறம் காற்றுப்புகா நாடா ஒட்டி, ட்யூப் இல்லாத டயருக்குள் துளையடைக்கும் திரவம் ஊற்றினால், இரு சக்கரத்திலுமாக 200 கிராம் மிச்சம். அடுத்து ஃபோர்க். எஃகுச் சுருள் கொண்ட பழைய ஃபோர்க் 2.6 கிலோ, காற்றையே வில்லாகக் கொண்ட புதியது 1.8 கிலோ. எடை குறைந்தது ஒரு நன்மை. ஓட்டுபவரின் உடல் எடைக்கேற்பக் காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்பது அதனினும் பெரிய நன்மை. வண்டியில் ஏறி அமர்ந்ததும் ஃபோர்க் தன் அசைவில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 30 மில்லிமீட்டர் அளவு, தாழ வேண்டும் என்பது பொதுவான கணக்கு. சுருள் ஃபோர்க்கில் அவர் அமர்ந்ததுமே அது பாதிக்குத் தாழ்ந்துவிடும். முந்தைய உரிமையாளர் மிக மென்மையான சுருளைப் போட்டிருந்தார்.

பிறகு பின்சக்கரத்துப் பற்சக்கரத் தொகுதி. எஸ்ராம் நிறுவனத்தின் பன்னிரண்டு கியர் வரிசையில் தொடக்க நிலைத் தொகுதி ஏறத்தாழ 615 கிராம். அதற்கு மேல்நிலையிலுள்ளது ஏறத்தாழ 450 கிராம். வாங்கி வந்து பார்த்தபோது அது சக்கரத்தில் ஏறவில்லை. முதலாவது பழைய வகை ஃப்ரீஹப்பில் பொருந்துவது. இரண்டாவது பத்துப் பல் கொண்ட சிறு சக்கரத்தில் தொடங்குவதால் வேறு வகை ஃப்ரீஹப் கேட்கும். அவருடைய பழைய ஹப்பிற்கு அந்த மாற்று உறுப்பு கிடைக்கவில்லை. ஹப்பை மாற்றினால் ஆரக்கம்பிகளை அவிழ்க்க வேண்டும்; அவிழ்த்தபின் பழைய ரிம்மையே மீண்டும் கோப்பது வீண். இவ்வாறு 165 கிராமைக் குறைக்கப் போனவர் இரண்டு சக்கரங்களையும் மாற்றினார். சக்கரங்களில் அரைக் கிலோ குறைந்தது; சேமிப்பு முழுவதும் கரைந்தது.

பழைய நகரத்துப் பேட்டையில் சக்கரம் கோத்துக் கொடுத்த முதியவரை அவர் ‘காகா’ என்று அழைப்பார். ஆரக்கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டி, ஓசையைக் கேட்டே இறுக்கத்தைச் சரிசெய்பவர் அவர். “ஒன்றைத் தொட்டால் முப்பத்திரண்டையும் தொட வேண்டும், பாளா” என்று அவர் சொன்னது சக்கரத்தைப் பற்றி மட்டுமே. மொழியியல் மாணவருக்கு அது வேறாகவும் கேட்டது. மொழியின் எந்தக் கூறும் தனித்து நிற்பதில்லை, ஒவ்வொன்றும் மற்றவற்றைப் பற்றி நிற்கிறது என்று முதலாண்டு வகுப்பில் மனப்பாடம் செய்ததை, இங்கே 32 கம்பிகளில் கண்ணால் பார்க்க முடிந்தது.

ஆனால் அந்தப் பாடத்தின் மறுபாதியை அவர் அப்போது நினைக்கவில்லை. குறிப்பேட்டின் எண் இறங்க இறங்க, எண்ணே குறிக்கோளாகிவிட்டது. கைப்பிடி, இருக்கை, மிதிகட்டை ஆகியவற்றில் 300 கிராம் போயிற்று. எஞ்சியவை டயர்கள். மெல்லிய பக்கச்சுவர் கொண்ட பந்தய டயர்களை மாட்டியபோது மேலும் 400 கிராம் குறைந்தது. தராசு 12.9 காட்டியது. அன்று அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்தார். மாற்று ட்யூப் வைத்திருந்த சிறு பையையும் அன்றுதான் வண்டியிலிருந்து கழற்றினார். துளையடைக்கும் திரவம் இருக்கையில் ட்யூப் எதற்கு என்பது அவர் வாதம்.

இந்த இடத்தில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது தகும். ஓட்டுபவர் 70 கிலோ, வண்டி 15.3 கிலோ எனில் மொத்தம் 85.3. அதில் 2.4 கிலோ குறைத்தால் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. புனேக்காரர்கள் ஞாயிறுதோறும் மிதித்தேறும் சிங்ககட் கோட்டை, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. அந்த ஏற்றத்தை ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஏறுகிறார் என்றால், அதே உழைப்பில் அவருக்கு மிச்சமாவது ஒன்றரை நிமிடத்திற்குச் சற்றே கூடுதல். இரண்டு தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பிக்கொண்டாலே அதில் பாதிக்கு மேல் போய்விடும். மூன்றாண்டுச் சேமிப்பின் பயனை இப்படி மொத்த எடையால் மட்டும் அளந்தால் அது சிரிப்புக்கிடமானது.

உண்மையில் எல்லாக் கிராமும் ஒரே கிராம் அன்று. சட்டகத்திலுள்ள ஒரு கிராம் வண்டியோடு முன்னே நகர்கிறது, அவ்வளவே. ரிம்மிலும் டயரிலும் உள்ள கிராம் முன்னே நகர்வதோடு சுழலவும் செய்கிறது. அதே வேகத்தை எட்ட அதற்கு ஏறத்தாழ இரட்டிப்பு ஆற்றல் தேவை. பாறைக்குப் பாறை வேகம் குறைந்து மீண்டும் முடுக்க வேண்டிய மலைப்பாதையில் கால்கள் இதை உணரும். சஸ்பென்ஷனுக்குக் கீழே உள்ள எடைக்கு, அதாவது சக்கரம், டயர், பற்சக்கரத் தொகுதி, பிரேக் வட்டு ஆகியவற்றுக்கு, இன்னொரு பொருளும் உண்டு. அவை இலகுவாக இருந்தால் சக்கரம் கல்லின் மேல் ஏறி உடனே தரையைத் தொடும். கனமாக இருந்தால் துள்ளி எழுந்து தாமதமாகத் திரும்பும். தரையைத் தொடாத சக்கரத்தால் திரும்பவும் முடியாது, நிற்கவும் முடியாது.

இந்த நியாயத்தின்படி டயரின் எடையைக் குறைப்பதே மிகவும் பயனுடையது என்று தோன்றும். ஆய்வாளரும் அப்படித்தான் எண்ணினார். ஆனால் டயருக்கு இன்னொரு வேலை உண்டு. வண்டி முழுவதிலும் பாறையைத் தொடுவது அது ஒன்றே. தக்காணத்தின் எரிமலைப் பாறை உடைந்த இடமெல்லாம் கூர்முனை விடும். ஜூன் மாதத்து மாலை ஒன்றில், நகருக்கு நடுவேயுள்ள வேதாள் குன்றின் இறக்கத்தில், அத்தகைய ஒரு முனை முன்டயரின் பக்கச்சுவரை விரல்நக அளவு கிழித்தது. வெண்ணிறத் திரவம் பீய்ச்சியடித்தது. முள் குத்திய துளையை அடைக்க வல்ல அது, கிழிசலை அடைக்கவில்லை. காற்றிழந்த முன்சக்கரம் வளைவில் வழுக்கியது. வலது மணிக்கட்டு எலும்பில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. பையில் ட்யூப் இல்லாததால், ஒரு கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு இருட்டில் நடந்தே இறங்கினார்.

அந்த ஆறு வாரத்தில் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் முடிந்திருக்க வேண்டும். இடக்கையால் நாளுக்கு ஒரு பக்கம் தட்டச்சு செய்வதே பெரும்பாடாக இருந்தது. உதவித்தொகைக் காலம் முடிய ஓராண்டே இருந்த நிலையில், அந்தத் தாமதத்தின் எடையை எந்தத் தராசும் காட்டாது.

எழுத முடியாத நாள்களில் சொசூரைத் திரும்பப் படித்தார். அவர் மறைந்தபின் மாணவர் குறிப்புகளிலிருந்து தொகுக்கப்பட்டு 1916இல் வெளிவந்த அந்நூலில் இரண்டு உவமைகள் மொழியியலார் அனைவரும் அறிந்தவை. ஒன்று, சதுரங்கக் காய். ஆட்டத்தில் ஒரு குதிரை தொலைந்தால் வேறெந்தப் பொருளையும் அந்த இடத்தில் வைத்துக் குதிரையாக ஆடலாம். மரத்தின் தரத்தைக் கொண்டு குதிரைக்கு மதிப்பு வருவதில்லை, ஆட்டத்தில் அதற்குள்ள இடத்தால் வருகிறது. மற்றொன்று, ஜெனீவாவிலிருந்து பாரிசுக்குச் செல்லும் விரைவு ரயில். பெட்டிகளும் எஞ்சினும் பணியாளர்களும் நாளுக்கு நாள் வேறாயினும் அது அதே ரயில்தான். மூன்றாண்டு காலம் கிராம்களை எண்ணியவர், கிராமின் மதிப்பும் அது நிற்கும் இடத்தால் வருவது என்பதைக் கட்டுப்போட்ட கையோடு புரிந்துகொண்டார்.

கட்டு அவிழ்த்தபின் அவர் செய்த முதல் வேலை வண்டியின் எடையைக் கூட்டியது. தடித்த பக்கச்சுவர் கொண்ட டயர்கள் திரும்பி வந்தன: 400 கிராம். இறக்கத்தில் இருக்கையைக் கைப்பிடியிலுள்ள பொத்தானால் தாழ்த்தும் தண்டு ஒன்றையும் பொருத்தினார்: பழைய தண்டைவிட 300 கிராம் கூடுதல். ஆனால் இருக்கை தாழ்ந்தால் உடல் பின்னோக்கித் தாழலாம். செங்குத்தான இடத்தில் தலைகுப்புற விழும் அச்சம் குறையும். தராசு 13.6 காட்டியது. மாற்று ட்யூப் பையும் தன் இடத்திற்கு வந்தது. அதை அவர் எடைபோடவில்லை. வலிமை, இலகு, மலிவு ஆகிய மூன்றில் இரண்டைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்பது கீத் பான்ட்ரேகர் சொன்னதாக மிதிவண்டி உலகம் வழங்கும் வாக்கு. எந்த இரண்டு என்பதை வண்டி முழுமைக்கும் ஒரே முறையில் முடிவுசெய்ய வேண்டியதில்லை, பாகத்துக்குப் பாகம் முடிவுசெய்யலாம் என்பதை மட்டும் அவர் அதனோடு சேர்த்துக்கொண்டார்.

இதற்கிடையே கட்டிலுக்கடியில் ஓர் அட்டைப்பெட்டி நிறைந்திருந்தது: கழற்றிய ஃபோர்க், பற்சக்கரத் தொகுதி, கைப்பிடி, மிதிகட்டைகள். பெட்டிக்குப் பக்கத்தில் பழைய சக்கரங்கள். தீசியசின் கப்பலில் பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றினால் அது அதே கப்பல்தானா என்ற பழங்கேள்வியை ப்ளூட்டார்க் பதிவு செய்தார். கழித்த பழைய பலகைகளையெல்லாம் சேர்த்து ஒருவன் இன்னொரு கப்பல் கட்டினால் எது தீசியசின் கப்பல் என்று 17ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ் அக்கேள்வியைக் கடினமாக்கினார். விடுதியில் ஹாப்சின் கேள்வி நடந்தே விட்டது. அதே துறையில் முதுகலை படிக்கும் மராத்தி மாணவி ஒருவர், எங்கோ துருப்பிடித்துக் கிடந்த சட்டகம் ஒன்றை மிகச் சிறு விலைக்கு வாங்கி வந்து, “தாதா, அந்தப் பெட்டியில் இருப்பதை எடுத்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்டார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி கூடியது. ஃபோர்க்கின் தண்டு முன்பே வெட்டப்பட்டிருந்தது. நல்வேளையாக அந்தச் சட்டகத்தின் தலைக்குழாய் குட்டையானது. கனமென்றும் வலுவற்றதென்றும் ஒதுக்கப்பட்ட அந்தச் சுருள் ஃபோர்க்கின் மேல் ஐம்பது கிலோ எடையுள்ள அந்த மாணவி ஏறி அமர்ந்தபோது, அது சரியாக 30 மில்லிமீட்டர் தாழ்ந்தது. எழுபது கிலோவுக்குக் குறையாக இருந்த மென்மை அவருக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. சுருள் அதேதான், கிராம்களும் அவையேதான்.

தராசைக் கொக்கியில் மாட்டி எடைபோடலாமா என்று ஆய்வாளர் கேட்டார். “எதற்கு?” என்று கேட்டுவிட்டு, மாணவி வண்டியைப் படிகளில் தூக்கிக்கொண்டு இறங்கினார்.