கட்டிக்கொடுத்த சோறு

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று, அக்டோபர் விடுமுறையில் இரண்டு நாள் மலைப்பகுதியில் கூடாரம் அமைத்துத் தங்க முடிவு செய்தது. அவர்கள் தேர்ந்தெடுத்த ஊர், உத்தராகண்ட் மாநிலத்திலுள்ள லேன்ஸ்டௌன். விடுதி அறைகளில் மட்டுமே தங்கிப் பழகிய அவர்களுக்குக் கூடார வாழ்க்கை புதிது.

பயணத்திற்கு ஒரு வாரம் முன்னரே அம்மா பிள்ளைகளின் பைகளைக் கட்டி முடித்துவிட்டார். ஆறாம் வகுப்பில் படிக்கும் மகளும் மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகனும் தத்தம் பைக்குள் என்ன இருக்கிறது என்பதையே அறியவில்லை. அதைக் கண்ட பாட்டி, "கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு வரும், அம்மா?" என்றார். அம்மா சற்றுத் தயங்கினார். பின்னர் இரு பைகளையும் அவிழ்த்துக் கூடத்தில் கொட்டி, "இனி உங்கள் பை உங்கள் பொறுப்பு" என்றார்.

மகள் ஒரு தாளில் பட்டியல் எழுத அமர்ந்தாள். அங்கே எவ்வளவு குளிரும் என்று அப்பாவிடம் கேட்டாள். அவர் அதை ஒரு கணக்காகவே கொடுத்தார். தில்லி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்தில் உள்ளது. லேன்ஸ்டௌன் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை பொதுவாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அப்படியானால் தில்லியைவிட அங்கே ஏறத்தாழ 10 டிகிரி குறைவாக இருக்கும் என்று மகள் கண்டறிந்தாள். ஒருவருக்கு இரண்டு மெல்லிய கம்பளிச் சட்டைகள் என எழுதிக்கொண்டாள். ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்தால் இடையில் தங்கும் காற்று உடலின் வெப்பத்தைக் காக்கும்.

மகனோ விளையாட்டுப் பொருள்களால் பையை நிரப்பினான். அதைச் சுமந்து கூடத்தை ஐந்து முறை சுற்றிவரும்படி அப்பா கூறினார். இரண்டாம் சுற்றில் மட்டை வெளியேறியது. மூன்றாம் சுற்றில் பொம்மை வண்டிகள் வெளியேறின.

சனிக்கிழமை இரவு மொட்டை மாடியில் ஒத்திகை நடந்தது. சிமெண்டுத் தரையில் முளை அடிக்க இயலாததால் கயிறுகளைச் செங்கற்களில் கட்டினர். முதல் முறை கூடாரம் ஒருபுறமாகச் சாய்ந்தது. மறுமுறை நிமிர்ந்து நின்றது. போர்வைகள் இருந்தும் தரையின் குளிர்ச்சி முதுகில் ஏறியது. மேலே போர்த்துவது மட்டும் போதாது, கீழேயும் தடித்த விரிப்பு வேண்டும் என்பது அன்று விளங்கியது.

நள்ளிரவில் மகன் விழித்துக்கொண்டான். எங்கும் இருள். கைவிளக்கு பையின் அடியில் கிடந்தது. அவன் அழத் தொடங்கினான். எடுத்துக் கொடுக்க நீண்ட கையை அம்மா அடக்கிக்கொண்டார். "நான் அருகில்தான் இருக்கிறேன், கண்ணா. நீயே தேடிப் பார்" என்றார். விம்மியபடியே அவன் பையைத் துழாவினான். நெடுநேரத்திற்குப் பின் கூடாரத்துக்குள் ஒளி பரவியது. மறுநாள் காலையில், ஒருவரும் சொல்லாமலே, கைவிளக்கைப் பையின் வெளிப்புற உறையில் வைத்தான்.

சிறுத்தைகள் வாழும் மலைப்பகுதி அது. ஆகவே இருட்டியபின் தனியே வெளியே செல்லக் கூடாது, உணவைக் கூடாரத்தில் வைக்கக் கூடாது, குப்பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்ற மூன்று விதிகளையும் மகள் பட்டியலின் கீழே எழுதினாள்.

புறப்படும் நாள் வந்தது. பாட்டி புளியோதரைப் பொட்டலங்களை அம்மாவிடம் கொடுத்தார். "எல்லாருக்கும் கட்டத் தெரிந்தவளே, உன் கம்பளிச் சட்டை எங்கே?" என்று கேட்டார். அம்மா திகைத்து நின்றார். மகள் தன் பையைத் திறந்து அம்மாவின் சட்டையை எடுத்துக் காட்டினாள். அவளுடைய பட்டியலில் அதுவும் இருந்தது.